டின் இலக்கம் இன்னும் வந்து சேரவில்லையா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வூதியமும், வங்கியில் போட்டு வைத்திருக்கும் நிலையான வைப்பின் வட்டியும்தான் அவவுக்கு வருமானம். 2025 ஏப்ரல் முதல் அந்த வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிபடுகிறது. அதற்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது. ஏன் இவ்வளவு கழிகிறது என்று கேட்கப் போனபோது, வங்கியில் இருந்த பிள்ளை ஒரு படிவத்தை நீட்டியது. "ரீச்சர், உங்கட வருமானம் வருசத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல போகாட்டி இதை நிரப்பித் தாங்கோ, பிடிக்க மாட்டம்." வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்து நிரப்பிக்கொண்டு போனால், டின் இலக்கம், அதாவது வரித் திணைக்களம் தரும் அடையாள எண், எழுத ஒரு கட்டம். பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"மூண்டு மாசத்துக்கு முந்தியே கடையில குடுத்துப் போட்டனான் தம்பி. இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் வரேல்லை" என்றா.

அந்த இலக்கம் எங்கே போயிருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இதே பேச்சை நான் சுன்னாகத்திலும் கேட்டிருக்கிறேன், கொக்குவிலிலும் கேட்டிருக்கிறேன். விண்ணப்பித்தாயிற்று, ஒன்றும் வரவில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. வரவில்லை என்று சொல்லும் பலருடைய இலக்கம் எங்கோ ஓரிடத்தில் பிறந்து, அவர்களுக்குத் தெரியாமலே இருக்கிறது. இன்னும் பலருடைய விண்ணப்பம் ஒரே ஒரு எழுத்துப் பொருந்தாமல் நிற்கிறது. இந்த இரண்டில் எது உங்களுடையது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அது என்ன இலக்கம்?

வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்பது முழுப் பெயர். செய்திகளில் டின் என்கிறார்கள், எங்கள் பக்கத்துப் பேச்சில் ரின் நம்பர். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஒவ்வொருவருக்கும் தரும் ஒன்பது இலக்க எண் அது. கடை வைத்திருப்பவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தால், அதே ஒன்பது எண்ணுக்குப் பின்னால் 7000 என்று ஒட்டிக்கொள்ளும். பெரிய கடைகளின் பற்றுச்சீட்டில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த எண் கிடைத்துவிட்டால் வரி கட்டியே ஆகவேண்டும் என்ற பயம் நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. விண்ணப்பிக்காமல் இழுத்தடிப்பதற்கும், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைப்பதற்கும் அந்தப் பயம்தான் காரணம். வரி வருமானத்தைப் பார்த்து வருவது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. மாதம் 80,000 ரூபா சம்பளம் எடுக்கும் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 9 இலட்சத்து 60 ஆயிரம். எண் இருந்தாலும் அவர் ஒரு சதம் கட்டவேண்டியதில்லை. மாதம் 1,75,000 எடுப்பவருக்கு ஆண்டுக்கு 21 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் மிஞ்சும் 3 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18,000 ரூபா. இந்தக் கணக்கு எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெரியம்மாவின் அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரியே கிடையாது.

சரி, வரியே இல்லாதவர்களுக்கும் எண் எதற்கு? 2023 மே 31ஆம் திகதி வந்த அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல் முதலில் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி போன்ற தொழில்காரர்களைப் பதியச் சொன்னது. பிறகு 2024 ஜனவரி 1ஆம் திகதியில் 18 வயது நிரம்பிய எல்லோரையும், அதற்குப் பின் 18 வயதை அடைபவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்க, வீட்டுப் பிளானுக்கு அனுமதி எடுக்க, வாகனம் பதிய, காணி உரிமை பதிய என்று பல இடங்களில் இதைக் கேட்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் விண்ணப்பங்கள் போய் விழுந்தன. பலருடைய தாமதக் கதை அந்த அலையில்தான் தொடங்குகிறது.

தாமதமா, தொலைந்ததா?

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். "கடையில குடுத்தனான்" என்றா அல்லவா, அந்தத் தொலைத்தொடர்பு நிலையத்துக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போனேன். இணையத்தில் நிரப்பும்போது மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அங்கே இருந்த தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவிட்ட ஈமெயில் இல்லை எண்டவா. அப்ப நாங்கள் கடையின்ரயைத்தான் போட்டம்" என்றான். கணினியில் அந்தப் பெட்டியைத் திறந்து பெரியம்மாவின் பெயரைத் தட்டினான். மூன்றாவதாக வந்தது. விண்ணப்பித்துப் பத்து நாளுக்குள் சான்றிதழ் வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு நடுவில் ஒருவரும் திறக்காமல் அது கிடந்திருக்கிறது.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் வரவில்லை. உதவி செய்யத்தான் போட்டான். ஆனால் இதை வாசிக்கிறவர்களில் வேறொருவரைக் கொண்டு விண்ணப்பம் போட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்த மின்னஞ்சல், எந்தத் தொலைபேசி எண் கொடுக்கப்பட்டது என்று போய்க் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் மின்னஞ்சலைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த மகனைக் கேட்டால், விளம்பரக் கடிதங்கள் போய் விழும் பக்கத்தில் கிடந்து எடுத்துக் கொடுப்பான்.

இன்னொரு வகைத் தொலைந்த எண் இருக்கிறது. முன்பு எப்போதோ வேலை செய்த இடத்தில் வரி பிடித்திருக்கலாம், ஒரு சிறு வியாபாரத்தைப் பதிந்திருக்கலாம், அல்லது திணைக்களமே வேறு நிறுவனங்களின் தரவுகளைக் கொண்டு உங்கள் பெயரில் கோவை திறந்திருக்கலாம். இப்படியானவர்களுக்கு எண் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகப் போடும் விண்ணப்பம் அதனால்தான் நகராது. ஒரே அடையாள அட்டைக்கு இரண்டு எண் கொடுப்பதில்லை. ஆகவே வரவில்லை என்று திரும்பத் திரும்ப விண்ணப்பிக்காதீர்கள். அது எதையும் விரைவாக்காது, மூன்று விண்ணப்பங்களில் எது சரியானது என்ற புதுக் குழப்பத்தைத்தான் கொண்டுவரும்.

எண் இருக்கிறதா என்று அறிய நேரான வழி 1944. அது திணைக்களத்தின் அழைப்பு இலக்கம். கையில் தேசிய அடையாள அட்டையை வைத்துக்கொண்டு அழையுங்கள். விண்ணப்பம் இணையத்தில் போனதும் ஒரு குறிப்பு இலக்கம் காட்டியிருக்கும். அதையும் தேடி எடுத்து வையுங்கள். பலர் அந்தப் பக்கத்தை அச்செடுக்காமல் மூடிவிடுகிறார்கள். நீங்கள் இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பக்கம் வந்ததும் தொலைபேசியால் ஒரு படம் எடுங்கள். தொலைபேசியில் பேசிச் சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்திலேயே திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இதற்காகக் கொழும்புக்குப் பேருந்து ஏறத் தேவையில்லை. எல்லாம் தமிழிலேயே பேசலாம், எழுதலாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தர ஆள் தேடி அலையவேண்டாம்.

எங்கே பொருந்தாமல் போகிறது?

எண் உண்மையாகவே உருவாகவில்லை என்று தெரிந்தால், காரணம் அநேகமாக உங்கள் ஆவணங்களுக்குள்ளேயே இருக்கும். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது அடையாள அட்டை எண். பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016இலிருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒருவரையே குறிப்பவை என்றாலும், சிலருடைய வங்கிப் புத்தகத்தில் பழையது இருக்கும், அட்டையில் புதியது இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைப் பெறுவது எளிது. பழைய எண்ணின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆண்டுக்கு முன்னால் 19 சேர்த்து, அந்த மூன்று நாள் எண்களுக்குப் பின்னால் ஒரு 0 போட்டு, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட்டால் பன்னிரண்டும் வந்துவிடும். நான் பெரியம்மாவுக்கு மின்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். தன் பிறந்தநாளை அந்த எண்ணுக்குள் கண்டுபிடித்தபோது அவவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கடையில் அந்த 0 விடுபட்டாலோ இடம் மாறினாலோ எண் பிழைத்துவிடும். ஆகவே எண்ணை வாய்விட்டு வாசித்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது பெயர். இதுதான் பெரிய வில்லங்கம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. படிவத்தில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துக் கேட்டால் ஒருவர் அப்பாவின் பெயரை முன்னே போடுவார், மற்றவர் பின்னே போடுவார். அதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டல். பழைய, பிளாஸ்டிக் ஒட்டிய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயரே கிடையாது. 2017இல் வந்த புதிய அட்டையில்தான் மூன்று மொழியும் வந்தன. அதனால் பழைய அட்டைக்காரர் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும், வங்கியில் வேறுவிதமாகவும், டின் விண்ணப்பத்தில் கடைக்காரர் கேட்டு எழுதியபடி இன்னொரு விதமாகவும் இருப்பார். சிவகுமாரனின் முதல் எழுத்துக்குப் பின் எச் வருமா வராதா, குகநேசனின் முதல் எழுத்து கே யா ஜி யா என்று நாம் யாரும் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதில்லை. என் அபிப்பிராயம், கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளதையே எல்லா இடத்துக்கும் எடுங்கள். இல்லாவிட்டால் வங்கிப் புத்தகத்தில் உள்ளதை எடுங்கள். ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, படிவம் நிரப்புகிறவர் கையில் கொடுங்கள். வாயால் சொல்லவேண்டாம்.

மூன்றாவது முகவரி. நம் ஒழுங்கைகளில் பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை, கோயிலடி, பள்ளிக்கூடப் பின்வீதி என்றுதான் கடிதம் வரும். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் நிலை இன்னும் கடினம். அட்டையில் மயிலிட்டி என்று இருக்கும், ஆள் முப்பது வருடமாக உரும்பிராயில் இருப்பார். அட்டை முகவரிக்குத் தபால் போனால் அது யாரிடம் போகும்? இப்போது இருக்கும் முகவரியைத்தான் தொடர்பு முகவரியாகக் கொடுக்கவேண்டும். அதற்குக் கிராம அலுவலரிடம், அதுதான் நாங்கள் இன்னும் விதானையார் என்று சொல்லும் அவரிடம், வதிவிட அத்தாட்சி ஒன்று எடுத்து இணைத்தால் கேள்வி வராது.

படங்களும் ஒரு காரணம். அடையாள அட்டையை மேசையில் வைத்து இரவில் தொலைபேசி வெளிச்சத்தோடு படம் எடுத்தால், பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புள்ளி ஒன்று விழும். பார்த்தீர்களென்றால் அது சரியாக எண்ணின் மேலேயே விழுந்திருக்கும். பகலில், ஜன்னலோரமாக, தொலைபேசி வெளிச்சமில்லாமல் இரண்டு பக்கத்தையும் எடுங்கள்.

எண் வரும்வரை

பலருக்கு எண் தாமதமானால் அவசரம் ஒன்றும் இல்லை, மனக்கவலை மட்டும்தான். சிலருக்கு அது நேராகப் பணத்தில் போய்த் தட்டும். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

ரியூசன் படிப்பிக்கும் ஒரு மாஸ்ரரை எடுத்துக்கொள்வோம். ஒரு தனியார் நிறுவனம் அவருக்கு மாதம் 1,20,000 ரூபா கொடுக்கிறது. சேவைக்காக ஒருவருக்கு மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கவேண்டும் என்பது 2023இலிருந்து இருக்கும் விதி. ஆக மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபா பிடிபடுகிறது. ஆனால் அவருடைய ஆண்டு வருமானம் 14 இலட்சத்து 40 ஆயிரம்தான், 18 இலட்சத்துக்குக் கீழே. வேறு வருமானம் இல்லையென்றால் அவர் கட்டவேண்டிய வரி பூச்சியம். அந்த 72,000 ரூபாவும் அவருக்குத் திரும்பி வரவேண்டிய காசு. அதைக் கேட்பதற்கு வருமான வரி அறிக்கை தாக்கல் செய்யவேண்டும், அதற்கு எண் வேண்டும், பிடித்ததற்கான சான்றிதழிலும் அந்த எண் இருக்கவேண்டும். எண் இல்லாத காலத்தில் பிடிக்கப்பட்ட தொகைக்கும் மாதாமாதம் சான்றிதழ் கேட்டு வாங்கி ஒரு கோவையில் போட்டு வையுங்கள். எண் வந்ததும் நிறுவனத்திடம் கொடுத்து, சான்றிதழ்களில் அதைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு ஆண்டு முடிவில் வேலைகொள்பவர் தரும் ரி 10 சான்றிதழ் இருக்கிறது. அதற்கும் இதே கதைதான்.

18 இலட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு எண் வரவில்லை என்பது சாட்டாகாது. நம் வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதி இருந்தால் செப்டெம்பர் 30. அறிக்கை நவம்பர் 30. பிந்தினால் மாதம் 1.5 சதவீதம் வட்டி ஏறும். கட்டும் துண்டிலேயே எண் எழுதவேண்டியிருப்பதால், இப்படிப்பட்டவர்கள் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. தவணைத் திகதிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே ஆவணங்களோடு நேரில் போய்விடுங்கள்.

வங்கியோ பிரதேச சபையோ எண்ணைக் கேட்டு, உங்களிடம் இன்னும் இல்லையென்றால், குறிப்பு இலக்கம் உள்ள அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள். ஏற்பார்களா என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. ஆனாலும் விண்ணப்பித்துவிட்டேன் என்று வெறும் வாயால் சொல்வதற்கும், திகதியோடு ஒரு தாளைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறவர்கள் இதை நினைத்துப் பயப்படவேண்டாம். கட்டாயம் என்று அறிவித்தது நடைமுறைக் கணக்குக்குத்தான்.

தொலைபேசியிலும் கேட்டு, நேரிலும் போய், இன்னும் நகரவில்லை என்றால் எழுத்தில் இறங்குங்கள். பெயர், அடையாள அட்டை எண், விண்ணப்பித்த திகதி, குறிப்பு இலக்கம், இப்போதைய முகவரி, தொலைபேசி. இவ்வளவும் அரைப் பக்கத்துக்குள் அடங்கும். ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்லவேண்டும். இந்தச் சட்டம் பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாட்டின் எந்தக் குடிமகனும் பாவிக்கலாம்.

இரண்டாயிரம் தந்தால் நாளைக்கே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். இந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. படிவம் நிரப்பிய கூலியையும் அச்சுக்கான காசையும் கடைக்குக் கொடுப்பது வேறு விடயம். எண் வந்தபிறகும் கவனம் வேண்டும். சான்றிதழின் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பெயர், முகவரி, எண் எல்லாம் அதில் இருக்கிறது. தேவைப்படும் பிள்ளை ஒருவருக்குத் தனியாக அனுப்பினால் போதும்.

பெரியம்மாவின் சான்றிதழை அந்தக் கடையிலேயே இரண்டு பிரதி அச்செடுத்தோம். திணைக்களத்தில் பதிந்த மின்னஞ்சலை அவவின் மகளுடையதாக மாற்றக் கேட்டு ஒரு கடிதமும் எழுதினோம். அடுத்த திங்கட்கிழமை படிவம் வங்கிக்குப் போனது. அதுவரை பிடித்த தொகைக்குச் சான்றிதழ் கேட்டபோது, அந்தப் பிள்ளை "அது இருக்கு ரீச்சர், கொஞ்சம் இருங்கோ" என்று உள்ளே எழும்பிப் போனது.